ரேடாரை அணைத்துவிட்டு நின்ற காலம்

இன்றைய மெக்வாரியரில் காக்பிட் பலகையின் ஒவ்வொரு சுவிட்சும் கண்ணுக்குத் தெரிகிறது. காட்டுக்குள் நடந்தால் மரம் முறிந்து விழுகிறது, கட்டடத்தில் இடித்தால் சுவர் சரிகிறது. 2000இல் வந்த மெக்வாரியர் 4இல் இதெல்லாம் கிடையாது. மலை என்றால் நாலைந்து முக்கோணங்களை ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் உங்கள் ரேடார் ‘பாஸிவ்’ நிலைக்குப் போய்விடும். தூரத்தில் இருப்பவர்கள் உங்களுக்குத் தெரியமாட்டார்கள், நீங்களும் கிட்டே போகிறவரை அவர்கள் ரேடாரில் விழமாட்டீர்கள். அந்த ஒரு பொத்தானைச் சுற்றி நாங்கள் ஆடிய ஆட்டத்தை, அதற்குப் பிறகு கடைக்கு வந்த எந்த மெக்வாரியரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. கருவிகள் கூடின, பெயர்கள் கூடின, ஒளிவதும் தேடுவதும் மட்டும் மெலிந்துபோயின. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெக் என்பது ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற, காலால் நடக்கும் போர் இயந்திரம். 20 டன்னில் தொடங்கி 100 டன் வரை போகும். 1984இல் ஃபாசா என்ற அமெரிக்க நிறுவனம், அறுகோணக் கட்டம் போட்ட பலகையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டாக இதை வெளியிட்டது. பேட்டில்டெக் என்ற பெயரில் அது இன்றும் ஆடப்படுகிறது. அதன் கம்ப்யூட்டர் வடிவமான மெக்வாரியர் 1989இல் வந்தது. எடை கூடக்கூடக் கவசமும் கூடும், பீரங்கியும் கூடும். அப்படியென்றால் 30 டன் மெக்கை எவன் எடுப்பான்? இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் ஒன்றே ஒன்றுதான்: சின்ன மெக் முதலில் பார்க்க வேண்டும், கடைசியாகப் பார்க்கப்பட வேண்டும். சென்சார் ஏற்பாடு சோடையாக இருக்கும் ஆட்டத்தில் எல்லோரும் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு வந்து எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் நாங்கள் மெக்வாரியர் 4 ஆடினோம். மெயில் பார்க்க வரும் கூட்டம் கலைந்தபிறகு, லேன் ஒயரில் எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைத்து இரண்டு அணியாகப் பிரிந்துகொள்வோம். சென்டர் வைத்திருந்த அண்ணா, “கரண்ட் பில்லு நீங்க கட்டறீங்களா தம்பி?” என்று தினமும் கேட்பார். கேட்டுவிட்டு அவரும் ஒரு சிஸ்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு உண்டு. பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? எல்லோரும் ஒரே அறைதானே.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பன் எப்போதும் ரேவனைத்தான் எடுப்பான். 35 டன், காக்கையின் மூக்கு மாதிரி நீண்ட முகப்பு. ரேடாரை பாஸிவில் போட்டுவிட்டு ஏதாவது ஒரு மேட்டுக்குப் பின்னால் போய் அசையாமல் நிற்பான். நாங்கள் அட்லஸும் மற்ற கனத்த வண்டிகளுமாக ரேடாரைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர்வலம் போல் வருவோம். அவனுக்கு எங்கள் புள்ளிகள் அத்தனையும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அவனும் ரேடாரை அடக்கித்தானே வைத்திருக்கிறான், தூரத்தில் இருப்பது அவனுக்கும் இருட்டுதான். ஒரு நொடி ஆக்டிவில் போடுவான், வட்டத்தில் எத்தனை புள்ளி, எந்தத் திசை என்று பார்ப்பான், உடனே அணைப்பான், அணைத்த கையோடு இடத்தை மாற்றுவான். எங்கள் ரேடாரில் ஒரு புள்ளி மினுக்கிவிட்டு மறையும். அது அவன்தானா, அங்கேயே இருக்கிறானா, இல்லை நம்மை அந்தப் பக்கம் இழுக்க வேண்டுமென்றே காட்டினானா? அந்த ஒரு மினுக்கை வைத்து நாங்கள் சண்டை போட்டுக்கொள்வோம். மேப்பில் இருந்த மேடுகளுக்கு மருதமலை, பேரூர் என்று பெயர் வைத்திருந்தோம். “மருதமலைக்குப் பின்னாடி ரெண்டு பேருடா!” என்று அவன் தன் அணிக்குக் கத்துவான். எங்களுக்கும் கேட்கட்டும் என்றேதான் கத்துவான். அது நிஜமா பொய்யா என்று கண்டுபிடிப்பதும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது.

இன்ஜினையே நிறுத்திவிட்டுப் படுத்துக்கிடக்கும் வழியும் இருந்தது. நிறுத்திய மெக் ரேடாரில் வராது. ஆனால் திரும்பக் கிளப்ப நேரமாகும், அதற்குள் பார்த்துவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது. நிறுத்திக் கிடப்பவனையும் மோப்பம் பிடிக்க பீகிள் ஆக்டிவ் ப்ரோப் என்ற கருவி இருந்தது. அதை மாட்டினால் எடை போகும், ஏதோ ஒரு ஆயுதத்தைக் குறைக்க வேண்டும். ஒளிவதற்கு ஒரு விலை, தேடுவதற்கு ஒரு விலை. அந்தக் கணக்கை யாரும் எங்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. ஆடும்போது தானாகவே கையில் ஏறிவிட்டது.

அந்தப் பொத்தான் ஏன் அவ்வளவு இயல்பாக இருந்தது என்பது பிற்பாடு ரேடாரைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. ரேடார் அலை போய்ப் பட்டுத் திரும்பி வர வேண்டும். போகும்போதும் வலு குறைகிறது, வரும்போதும் குறைகிறது. அதனால் எதிரொலியின் வலு தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பத் தேய்கிறது. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் 16 மடங்கு சக்தி வேண்டும். ஆனால் அந்த அலையைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு ஒரு வழிப் பயணம் மட்டும்தான், அவனுக்கு வலு இரண்டாம் படிக்குத்தான் தேயும். ஆகவே ரேடாரைப் போட்டவன் எதிரியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே, ரேடார் போட்டவன் இருக்கிறான் என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும். மின்வெட்டு ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு தெருவில் வருகிறவனுக்கு நாலு அடி தெரியும். அவன் வருவது தெருமுனை வரைக்கும் தெரியும். மெக்வாரியர் 4 இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கவில்லை, தூரங்களை எளிமையாகத்தான் வைத்திருந்தது. ஆனால் பார்ப்பது என்றால் தன்னைக் காட்டிக்கொள்வதும்தான் என்ற அடிப்படையைச் சரியாகப் பிடித்திருந்தது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஸ்டெல்த் என்றால் என்ன என்பதும் புரியும். எதிரொலியை 16இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் எதிரி உங்களைக் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். ஸ்டெல்த் விமானம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதில்லை. அதைப் பார்க்க எதிரி இன்னும் கிட்டே வர வேண்டும், அவ்வளவுதான். 1981இல் முதலில் பறந்த எஃப்-117 விமானத்தை 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் சுட்டு வீழ்த்தியது எஸ்-125 என்ற பழைய சோவியத் ஏவுகணை. ரேடாரை ஒரேயடியாகப் போட்டு வைக்காமல் சில நொடிகள் மட்டும் போட்டு அணைப்பது அதை ஏவிய படைப்பிரிவின் வழக்கம். தொடர்ந்து போட்டால் அந்த அலையையே பிடித்துக்கொண்டு எதிரியின் ஏவுகணை வந்து விழும். இதைப் படித்தபோது எனக்கு ரேவன் நண்பன்தான் நினைவுக்கு வந்தான்.

இன்னும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. எஃப்-117 இருக்கிறது என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டதே 1988இல்தான். அதே வருடம் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர் என்ற விளையாட்டை வெளியிட்டது. அவர்கள் ஊகித்த விமானத்தின் வடிவம் தப்பு. ஆனால் உள்ளே வைத்த ஏற்பாடு பிரமாதம். காக்பிட்டில் ஒரு அளவுப்பட்டை. உங்கள் விமானம் ரேடாருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை ஒரு பக்கம் காட்டும், உங்கள் மேல் விழும் ரேடாரின் வலுவை இன்னொரு பக்கம் காட்டும். இரண்டும் தொட்டால் மாட்டிக்கொண்டீர்கள். குண்டு போடக் கதவைத் திறந்தால் உங்கள் பக்கம் விறுவிறுவென்று ஏறும். தாழப் பறந்தால் இறங்கும். பத்து வருடம் கழித்து வந்த தீஃப் விளையாட்டில் திருடன் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறான் என்று காட்டிய அந்தச் சின்னக் கல்லும் இதே வேலையைத்தான் செய்தது. தான் தெரிகிறோமா இல்லையா என்பது ஆடுகிறவனுக்குப் புரிந்தால்தான் ஒளிவது ஒரு திறமையாகும். இல்லாவிட்டால் அது குருட்டாம்போக்குதான்.

இத்தனை முன்னோடிகள் இருக்கும்போதுதான் மெக்வாரியர் ஆன்லைன் வந்தது. அதை அறிவித்தபோது சொன்ன நான்கு தூண்களில் ஒன்று ‘தகவல் போர்’. அதைப் படித்துவிட்டு எனக்கு இருந்த எதிர்பார்ப்பைச் சொல்லி மாளாது. 2012 கடைசியில் ஓபன் பீட்டா ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது. கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து, யுபிஎஸ் கூவ ஆரம்பிப்பதற்குள் ஒரு மேட்ச் முடிந்துவிடாதா என்று கணக்குப் போட்டு ஆடினோம். சர்வர் வட அமெரிக்காவில், பிங் எகிறும். அதையெல்லாம் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆக்டிவ், பாஸிவ் என்ற பொத்தானே கிடையாது. எல்லோருடைய சென்சாரும் எப்போதும் திறந்தே இருக்கும். நேர்ப்பார்வையில் 800 மீட்டருக்குள் வந்த எதிரியின் தலைக்கு மேல் சிவப்பு முக்கோணம் தோன்றும். ஆர் பொத்தானை அழுத்தினால் அவன் விவரம் உங்கள் அணி முழுவதற்கும் போய்ச் சேரும். “ஆர் அழுத்து” என்பதுதான் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். பார்ப்பதற்கு எந்த விலையும் இல்லை.

அந்த டிசம்பரில் கார்டியன் இசிஎம் வந்தது. ஒன்றரை டன் எடையுள்ள ஒரு பெட்டி. அதை மாட்டிய மெக்கும், அதைச் சுற்றி 180 மீட்டருக்குள் நிற்கும் கூட்டாளிகளும் எதிரியின் சென்சாரிலிருந்து மறைந்துவிடுவார்கள். ரொம்பக் கிட்டே போனால்தான் முக்கோணம் வரும், தொலைதூர ஏவுகணைகள் குறிபிடிக்காது. அந்த வட்டத்துக்குள் மாட்டிய எதிரியின் மினிமேப்பும் குழம்பிப்போகும். இதற்காக ஆடுகிறவன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சுடலாம், ஓடலாம், மறைப்பு அப்படியே இருக்கும். ரேவனின் 3எல் வகைக்கு அந்தப் பெட்டி கிடைத்ததில் நியாயம் உண்டு, மின்னணுப் போருக்காகவே படைக்கப்பட்ட மெக் அது. ஆனால் 100 டன் அட்லஸின் ஒரு வகைக்கும் அதைக் கொடுத்தார்கள். ஒரு கட்டடம் அளவு இருக்கும் இயந்திரம், வெட்டவெளியில் நடந்துகொண்டே சென்சாருக்கு இல்லாமல் போனது.

பலகை ஆட்டத்தைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கே கார்டியனின் வட்டம் 6 அறுகோணம், ஒரு அறுகோணம் 30 மீட்டர். அந்த 180ஐ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பலகையில் அந்தப் பெட்டி யாரையும் மறைப்பதில்லை. எதிரியின் ஆர்டெமிஸ், நார்க், பீகிள் மாதிரியான துணைக்கருவிகளைச் செயலிழக்கச் செய்யும், சாதாரண ஏவுகணை சாதாரணமாகவே போகும். பலகையில் மறைவதற்கென்று ஸ்டெல்த் கவசம் தனியாக இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 10 புள்ளி வெப்பம் ஏறும். மெக்கின் உயிரே வெப்பக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால், மறைகிறவன் பாதி ஆயுதங்களைச் சுடாமல் வைத்திருக்க நேரிடும். பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தில் யோசித்து வைத்த அந்த விலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்போது விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதன்பின் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பிபிசி என்ற பீரங்கியின் துகள்கற்றை பட்டால் இசிஎம் சில நொடி அணையும் என்றார்கள். பீகிள் அதை முறிக்கும் என்றார்கள். கடைசியில் வட்டத்தை 90 மீட்டராகக் குறைத்தார்கள். நடக்கும் மெக்குகளைச் சுவருக்குப் பின்னாலிருந்தும் காட்டும் நில அதிர்வு சென்சார் வந்தது. எனக்குப் பிடித்த யோசனை அது. அசையாமல் நின்றால் அது உங்களைக் காட்டாது, அப்படியென்றால் நிற்பதா நகர்வதா என்ற கேள்வி திரும்பவும் உயிர்பெறுகிறது. ரேடார் டெப்ரிவேஷன் என்றும் ஒன்று வந்தது. பார்வையிலிருந்து விலகியதுமே உங்கள் மேலிருக்கும் முக்கோணத்தை அழித்துவிடும். அது எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது, எல்லோரும் மாட்டினார்கள். எல்லோரும் மாட்டும் கருவியில் முடிவெடுக்க என்ன இருக்கிறது? 2017இல் ஸ்டெல்த் கவசம் வந்தபோதுதான் பலகையின் பழைய கணக்கு கொஞ்சம் திரும்பியது. போட்டால் வெப்பம் ஏறும், கூட்டாளிகளுக்கு இசிஎம் மறைப்பும் கிடைக்காது. அதை ஓட்டுகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் அவர்கள் ஆட்டமே வேறு மாதிரி இருக்கும். எப்போது போடுவது, எப்போது அணைத்து உடம்பை ஆற்றிக்கொள்வது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. க்ரைஸிஸ் விளையாட்டின் மேல் ரசிகர்களே கட்டி 2009இல் வெளியிட்ட மெக்வாரியர் லிவிங் லெஜண்ட்ஸில் ஆக்டிவ், பாஸிவ் இருந்தது. 2018இல் ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் வெளியிட்ட பேட்டில்டெக்கில் கண்ணுக்குத் தெரியும் தூரம் வேறு, சென்சார் தூரம் வேறு. சென்சாரில் மட்டும் பட்டவன் வெறும் புள்ளியாகத்தான் நிற்பான். அவனைப் பிடித்துக்காட்ட ‘சென்சார் லாக்’ போட்டால் அந்த மெக்கால் அந்தச் சுற்றில் சுட முடியாது. ஒருவன் சுடுவதை விட்டுக்கொடுத்தால்தான் மற்றவர்களுக்குக் குறி கிடைக்கும். அதற்கு மறுபக்கம் 2019இன் மெக்வாரியர் 5. அழகான ஆட்டம், காலடி வைக்கும் கனமே தனி. ஆனால் வெளிவந்தபோது எதிரிகள் பெரும்பாலும் திடீரென்று பக்கத்திலேயே முளைத்தார்கள். முன்னால் ஒரு வேவு மெக்கை அனுப்பி என்ன பயன்?

என்னைக் கேட்டால் முதலில் அந்தப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவும் இரண்டு நிலையோடு நிற்காமல். ஒரு மெக் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பது அதன் எடை, வேகம், அந்த நொடியில் அதன் உடம்பிலிருக்கும் வெப்பம், கடைசியாக எப்போது சுட்டது, ரேடார் திறந்திருக்கிறதா என்ற எல்லாவற்றையும் சேர்த்து முடிவாக வேண்டும். சுட்டுத்தீர்த்துச் சிவந்து நிற்கும் அட்லஸ் மேப் முழுக்கத் தெரியட்டும். ஆறிப்போய்ப் பாறை நிழலில் நிற்கும் ரேவன் 200 மீட்டரிலும் சந்தேகமாகவே இருக்கட்டும். தகவலும் ஒரே வீச்சில் வரக் கூடாது. முதலில் ஏதோ இருக்கிறது, பிறகு இத்தனை டன் இருக்கலாம், பிறகு பெயர், கடைசியாக ஆயுதமும் காயமும். நடுநடுவே பொய்ப்புள்ளியும் வரலாம்.

இப்படிச் செய்தால் புதிதாக வருகிறவன் யார் அடித்தார்கள் என்றே தெரியாமல் செத்து, வெறுத்துப் போய்விடுவான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அதற்கான மருந்துதான் 1988இன் அளவுப்பட்டை. நீ இப்போது எவ்வளவு தெரிகிறாய், உன் மேல் யாருடைய பார்வை எவ்வளவு விழுகிறது என்று கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டால், செத்தவனுக்கும் ஏன் செத்தோம் என்று புரியும். அடுத்த மேட்சில் ரேடாரை இரண்டு நொடி முன்னாலேயே அணைப்பான். வேவு பார்த்தவனுக்கான கூலியையும் உயர்த்த வேண்டும். அடித்த சேதத்தை வைத்தே பணமும் பெயரும் என்றால் ஒளிந்து நின்று தகவல் சொல்கிறவன் கூலியில்லாத உழைப்பாளி. அப்படி ஒருவன் எத்தனை நாள் ஆடுவான்?

தனியாள் ஆட்டத்துக்கு இன்னொன்றும் வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. கம்ப்யூட்டர் ஓட்டும் மெக்குகளுக்கு நான் இருக்கும் இடம் எப்போதுமே தெரிந்திருந்தால் எத்தனை பட்டை, எத்தனை பொத்தான் வைத்தும் பிரயோசனமில்லை. அவற்றுக்கும் என்னைப் போலவே புள்ளிதான் தெரிய வேண்டும், அந்தப் புள்ளி மறைய வேண்டும், கடைசியாக என்னைப் பார்த்த இடம் ஞாபகத்தில் நிற்க வேண்டும். நான் ஆக்டிவில் போட்டு அணைத்த மேட்டுக்கு எதிரியின் நாலு மெக்கும் கிளம்பி வர வேண்டும். அங்கே நான் இல்லை என்று தெரிந்ததும் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று அவை ஊகித்து, இரண்டு இரண்டாகப் பிரிந்து, அந்த ஊகம் தப்பாகவும் போக வேண்டும். பிரிந்த இரண்டில் பின்தங்கி வரும் ஒன்றை ரேவனால் சமாளிக்க முடியும்.